சிஸ்பாறைக்குப் போனேன், மறுபடியும் போவேன்

பிரபு,

உன் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். முதல் பதிவில் அழுதிருக்கிறாய். அடுத்ததில் கத்தியிருக்கிறாய். கடைசியில் அலுவலகத்தில் பேசுகிற நிதானமான குரலில், "அம்மா, இனிமே நீங்க காட்டுக்கெல்லாம் போகக் கூடாது. இது ஃபைனல்" என்று முடித்திருக்கிறாய். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். நானும் வழக்கம்போல "சரி, விடு" என்று சொல்லிவிடுவேன்; அப்படியே சொல்லிப் பழகிய வாய் இது. அதனால்தான் எழுதுகிறேன். கட்டு போட்டிருப்பது இடது கையில். வலது கைக்கு ஒன்றுமில்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து முழுதாகப் படி.

ஆமாம், விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. அந்தக் கையோடுதான் சிஸ்பாறை மலை விளிம்பு வரைக்கும் நடந்தேன். எதையும் மறுக்கப்போவதில்லை. உன்னிடம் சொல்லாமல் போனதையும் மறுக்கவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க முடியாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் யாரோ ஒரு பையன் எடுத்துப் போட்ட அரை நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று திருப்பூருக்குப் போன் செய்து உன் சித்தியிடம் புலம்பியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் உடனே என்னைக் கூப்பிட்டு, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல, "அக்கா, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். "வியாழக்கிழமை. உங்க தெருவுல தண்ணி வர்ற நாளு. போயி குடத்தை வெய்யி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குப் புத்தி பிசகவில்லை. அதை முதலில் நம்பு.

உன் அப்பா ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் தொழிற்சாலை நண்பர்களோடு அவலாஞ்சி, அப்பர் பவானி என்று மலைக்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். மீன் பிடிக்க அனுமதி வாங்கி, தூண்டில் கழிகளை ஜீப்பின் மேல் கட்டி, கல்யாணத்துக்குப் போகிற உற்சாகத்தோடு போவார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து எல்லோருக்கும் புளிச்சோறு கிளறி, வாழையிலையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பது என் வேலை. அவர்களை வழியனுப்பிவிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ட்யூட்டிக்கு ஓடுவேன். நான் கட்டிக்கொடுத்த புளிச்சோறு பார்த்த இடங்களை நான் பார்த்ததில்லை. ஒரு வருஷம் வாய்விட்டுக் கேட்டேன். "ஏனுங்க, இந்தத் தடவை நானும் வரட்டுங்களா?" அவர் கெட்ட மனிதரில்லை. வேடிக்கையாக ஏதோ கேட்டுவிட்டதுபோலச் சிரித்தார். "அங்க பொம்பளைங்களுக்கு என்ன வசதி இருக்குது? அட்டை கடிக்கும். கக்கூஸ் கிடையாது. அதுவுமில்லாம நீ வந்துட்டா ஊட்டை யாரு பாக்கறது?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உனக்குப் பன்னிரண்டு வயதானபோது உன்னைக் கூட்டிப்போனார். நீ திரும்பி வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் காலுறை முழுக்க அட்டை கடித்த ரத்தம். நான் புழக்கடையில் உட்கார்ந்து அதை உப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் சொன்னாய். "அம்மா, பாறை உச்சியில வரையாடு நின்னுச்சும்மா. ஓடவே இல்லை. மேல இருந்து எங்களையே பாத்துச்சு." நான் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே அலசினேன். எனக்கு வந்த பொறாமையை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பெற்ற மகன் மேல் பொறாமைப்படுவதா என்று கேட்காதே. பட்டேன். அப்பா பிற்பாடு, "ரிட்டயர் ஆனதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் இருக்கிறது. இறந்தவர் மேல் கோபப்படக் கூடாதென்று எவர் சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை.

ருக்மணியை உனக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலி. இத்தலாரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, குளிரில் விறைத்த விரலோடு வந்து ஹெட்போனை மாட்டுவாள். இப்போது அவளும் ஓய்வு பெற்று, கேரட்டும் பூண்டும் போட்டுக்கொண்டு ஊரோடு இருக்கிறாள். போன வருஷம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கேரட் கழுவி மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே மலை வரிசை வரிசையாக நின்றது. "அக்கா, நான் பொறந்ததுல இருந்து அந்த மலையைப் பாத்துட்டிருக்கேன். அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு இன்னும் தெரியாது" என்றாள். "போய்ப் பாத்துரலாமா?" என்றேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "யாருகிட்டயும் கேக்க வேண்டாம்கா. கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

யோசிக்காமல் கிளம்பிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. மாதக்கணக்கில் தயாரானோம். தினமும் காலையில் இங்கே லேம்ப்ஸ் ராக் மேட்டுச் சாலையில் ஏறி இறங்கினேன். ருக்மணி அவள் ஊர் மேட்டில் உரமூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தாள். அவள் மருமகள் அத்தைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாளாம். டாக்டரிடம் காட்டி இருதயம், ரத்த அழுத்தம் எல்லாம் சரியென்று சான்றிதழ் வாங்கினோம். வனத்துறையில் வயதைப் பார்த்துத் தயங்கினார்கள். மறுபடி மறுபடி போய் நின்று அனுமதி வாங்கினோம். நீயும் மருமகள் நித்யாவும் கனடாவில் தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் போட்டுப் படுத்துவிட்டு, கரடி வந்தால் அடிக்க மிளகாய்ப் புகைக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ அனுப்பினீர்களே, அப்போது நான் உன் மாமனாருக்குப் போன் செய்து அழுதேனா? "வீட்டுலயே பத்திரமா இருங்கம்மா" என்கிறாய். இந்த வீட்டு வாசலில் வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் காட்டெருமை நிற்கிறது. போன மாதம் தேயிலைத் தோட்டத்துக் கரடி பக்கத்துத் தெரு மளிகைக் கடைக் கதவைப் பிளந்து எண்ணெய் டின்னைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. நீ சொல்கிற பத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பர் பவானி தாண்டி ஜீப் நின்ற இடத்திலிருந்து பங்கித்தபால் என்கிற இடம் வரைக்கும் முதல் நாள் நடை. எங்களோடு கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மூன்று இளைஞர்கள். அவர்களில் அதிகம் பேசுகிறவன் பெயர் நவீன். வீடியோ எடுத்தவன் அவன்தான். எங்களை வழிநடத்தி வந்தது வனக்காப்பாளர். யூனிஃபார்ம், பூட்ஸ், இடுப்பில் வாக்கி டாக்கி. பெயர் கௌரி. கூடலூர்ப் பக்கத்துப் பெண், உன்னைவிடச் சின்னவள். இந்தக் காட்டில் பெண்களுக்கு வசதியில்லை என்று உன் அப்பா சொன்னாரே, அந்தக் காடு இப்போது ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. சோலையை ஒட்டி, கல்லால் கட்டித் தகரம் வேய்ந்த ஓய்வு விடுதியில் தங்கினோம். உள்ளே கணப்பு மூட்டினார்கள். போனதும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கழிப்பறை இருக்கிறது, பிரபு. "இது எப்பக் கட்டினதும்மா?" என்று கௌரியிடம் கேட்டேன். "வெள்ளக்காரன் காலத்திலேருந்தே உண்டு அம்மே. எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள். ருக்மணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கண்ணில் நீர் வருமளவு சிரித்தோம். அந்தப் பெண் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அட்டை கடிக்கும் என்று உன் அப்பா சொன்னது மட்டும் உண்மை. கடித்தால் வலிக்கவே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சிஸ்பாறைக்குக் கிளம்பும்போது நல்ல பனிமூட்டம். நவீன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் இங்கயே ரெஸ்ட் எடுங்களேன். நாங்க போட்டோ எடுத்துட்டு வந்து காட்டறோம்" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு அந்த ஒரு பேச்சில் இத்தனை வருஷமும் கண்முன் வந்து நின்றது. "தம்பி, போட்டோல பாக்கறதுக்கு நான் இவ்வளவு தூரம் வரலை. நீங்க வேணும்னா ரெஸ்ட் எடுங்க, நான் போய்ட்டு வந்து சொல்றேன்" என்றேன். மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவனும் வெட்கத்தோடு சிரித்தான். "எல்லாரும் என் பின்னாடி. பேச்சு குறைச்சு" என்று சொல்லிவிட்டுக் கௌரி முன்னால் நடந்தாள்.

புல்வெளி மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு, தலை தட்டுகிற குட்டை மரங்கள், மரமெல்லாம் பாசி. வீடு இல்லை, கம்பம் இல்லை, வேலி இல்லை. நாள் முழுக்க ஊருக்கு ஊர் கூப்பிட்டு இணைப்புக் கொடுத்துக் கழிந்தது என் உத்தியோகம். எவருடைய குரலும் எட்டாத ஓர் இடத்தில் என் மூச்சை நானே கேட்டுக்கொண்டு நடந்தது, எப்படிச் சொல்வது, உடம்பிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கால் வலித்தது. ருக்மணி முன்னால் போய்விட்டு நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். பாதி வழியில் ஓர் ஓடை. கல் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். நான் வைத்த கல் வழுக்கியது. தண்ணீரில் இடது கையை ஊன்றி விழுந்தேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கௌரி ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தாள். "விரல அசைங்க அம்மே. ஒவ்வொண்ணா" என்றாள். அசைத்தேன். ஒரு குச்சியை வைத்துத் தன் துண்டால் இறுக்கிக் கட்டி, என் சால்வையைத் தொட்டிலாக்கிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். பிறகு வாக்கி டாக்கியில் பேசினாள். மேலே மழையில் பாதை சரிந்திருக்கிறது, மண்ணை அள்ளிவிட்டு நாளைக் காலையில்தான் விடுதிக்கு ஜீப் வர முடியும் என்று பதில் வந்தது. "திரும்பிரலாம்" என்றாள். பையன்கள் முகம் விழுந்துவிட்டது. நான் கேட்டேன், "ஏம்மா, திரும்பிப் போனா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருவனா?" "இல்ல. ரூம்ல படுக்கலாம்." "படுத்தா வலி போயிருமா?" அவள் என் கைக்கட்டை மறுபடி இறுக்கிவிட்டாள். "அப்ப நடக்கலாம். உடைஞ்சது கைதான், கால் இல்லை" என்றேன். "அம்மே, உங்களுக்கு ஏதாவது ஆனா நான்தான் பதில் சொல்லணும்" என்றாள். அவள் குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. "தலை சுத்துச்சுன்னா அந்த நிமிஷமே உங்கிட்டச் சொல்றேன். மறைக்க மாட்டேன். நீ திரும்புன்னா திரும்பறேன்" என்றேன். என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க வைத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்தாள். மறுபடி விரலை அசைக்கச் சொல்லிப் பார்த்தாள். "பதுக்கெ, மெதுவா வாங்க. என் கையைப் பிடிச்சுக்கணும்" என்றாள். பிடித்துக்கொண்டேன். நவீன் என் பையை வாங்கித் தன் பைக்கு மேல் போட்டுக்கொண்டான்.

சிஸ்பாறை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே தரை முடிந்துவிடுகிறது. கீழே கேரளத்துக் காடு. ஆனால் ஒன்றுமே தெரியவில்லை, பிரபு. வெள்ளையாகச் சுவர் எழுப்பினதுபோல மூட்டம். எங்கள் காலுக்கு முன்னால் ஒரு கஜம் புல், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அங்கேதான் நவீன் அந்த வீடியோவை எடுத்தான். தலைமுடி கலைந்து, கைத்தொட்டிலோடு, நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நீ பயந்திருக்கிறாய். என்ன செய்கிறாள் இவள், எதை வெறித்துப் பார்க்கிறாள் என்று. நான் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். ஆழத்தில் எங்கோ அருவி விழுந்தது. அதற்கும் கீழே கருமந்தி ஒன்று "ஹூ ஹூ" என்று கூவ, வெகு தூரத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. எவ்வளவு பெரிய இடம் எனக்கு முன்னால் கிடக்கிறது என்பது காதிலேயே தெரிந்தது. காத்திருந்தோம். மூட்டம் விலகவே இல்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டு வந்து வேஸ்ட் ஆயிருச்சே ஆன்ட்டி" என்றான் நவீன், எனக்காக வருத்தப்பட்டு. ருக்மணி அவனை அதட்டினாள். "என்ன வேஸ்ட்? மலைக்கு அந்தப் பக்கம் வந்து உக்காந்திருக்கேன்ல?"

திரும்பி வரும்போது சோலையைத் தாண்டிய சேற்றில் கௌரி சட்டென்று நின்று கையை உயர்த்தினாள். காலையில் நாங்கள் நடந்த தடம் அப்படியே பதிந்திருந்தது. என் ஷூவின் அடித்தடம் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதன் மேல், குதிகால் பாகத்தை அமுக்கிக்கொண்டு, புலியின் பாதம். ஓரத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் அப்போதுதான் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் போன பிறகு அதே வழியில் வந்திருக்கிறது. "எல்லாரும் சேர்ந்து நடங்க. ஓடக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். விடுதி வரும்வரை ஒருவரை ஒருவர் ஒட்டியே நடந்தோம். எனக்குப் பயம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். முதுகெல்லாம் கூசியது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷம் பொங்கியது பார், உன்னைப் பெற்றபோதுதான் அப்படியொன்று வந்தது. நான் அங்கே இருந்தேன். கேள்விப்படவில்லை, இருந்தேன்.

மறுநாள் ஜீப் வந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் போடுகிற டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்கம்மா விழுந்தீங்க? பாத்ரூம்லயா?" என்றார். என் வயதுப் பெண்ணுக்கு எலும்பு உடைந்தால் அது குளியலறையில்தான் உடைந்திருக்க வேண்டும். "இல்லீங்க, சிஸ்பாறை போற வழியில" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். மாவுக்கட்டு காய்கிற வரைக்கும் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கோயமுத்தூர் விஷயம். பெரியவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் எனக்கு வீடு பேசி முடித்துவிட்டதாகச் சொல்கிறாய். படம் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. புல்லை வெட்டி, நடுவே எட்டு வடிவத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் தினமும் காலையும் மாலையும் சுற்றிச் சுற்றி வரச் சொல்கிறாய். வரமாட்டேன். அதை நீயே அவர்களுக்குச் சொல்லிவிடு. நான் சொன்னால் கொஞ்சம் காரமாக இருக்கும். என்னால் தனியாக இருக்க முடியாத நாள் ஒன்று வரும். அதை நான்தான் உனக்குச் சொல்வேன், கௌரிக்குக் கொடுத்த வாக்கை உனக்கும் தருகிறேன்; தலை சுற்றினால் மறைக்கமாட்டேன். அதுவரைக்கும் என் கால் போகிற இடத்தை நான் தீர்மானிப்பேன். நீ பயப்படு, வேண்டாமென்று சொல்லவில்லை. பனி கொட்டுகிற சாலையில் நீ கார் ஓட்டிப் போகிறாய் என்று தெரிந்தால் எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை. அதற்காக உன் கார் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ள நான் கேட்டதுண்டா? பயம் பயப்படுகிறவர் வேலை. அதை அடுத்தவர் காலில் கட்டக் கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன். நித்யா எங்காவது போக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டால், அங்கே என்ன வசதி இருக்கிறது என்று நீ சொல்லாதே. வசதி இருக்கிறதா இல்லையா என்பதை அவள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். உன் அப்பாவின் சிரிப்பு உனக்கும் அப்படியே வந்திருக்கிறது. அழகான சிரிப்புதான். அந்த ஓர் இடத்தில் மட்டும் அதைச் சிரிக்காதே.

கட்டைப் பிரித்ததும் கைக்குப் பயிற்சி தொடங்கிவிடும். சிஸ்பாறையின் கீழே இருப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. பொங்கல் சமயத்தில் மூட்டம் குறைவாக இருக்கும் என்று கௌரி சொன்னாள். ருக்மணியும் நானும் வனத்துறையில் எழுதிக் கொடுத்துவிட்டோம். இந்தத் தடவை உனக்கு முன்கூட்டியே சொல்கிறேன், அனுமதி கேட்கவில்லை.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். கட்டாயம் வா. நீ வந்து இறங்குகிறபோது நான் வீட்டில் இருக்கமாட்டேன். சாவி பக்கத்து வீட்டுச் சாந்தியிடம் இருக்கும். பீரோவின் மேல்தட்டில் கம்பளி வைத்திருக்கிறேன். அந்தக் காட்டில் போன் எடுக்காது, கூப்பிட்டுக்கொண்டே இருக்காதே. மலை இறங்கியதும் நானே பேசுகிறேன்.

அம்மா